இத்தாலிய டெலியில் மரியாதையாகப் பேச மாட்டார்களா? நியூ ஜெர்சி, நியூயார்க் அனுபவங்களைச் சொல்லுங்கள்

நீர்க்கோழி:
ஹட்சன் ஆற்றின் நியூ ஜெர்சிக் கரைக்குக் குடிவந்ததிலிருந்து அலுவலகத்தில் எல்லோரும் இத்தாலிய டெலியைப் பற்றியே பேசுகிறார்கள். இறைச்சியையும் பாலாடைக்கட்டியையும் எடைக்குச் சீவித் தந்து, சாண்ட்விச்சும் செய்து கொடுக்கும் கடை அது. சனிக்கிழமை நண்பகலில் ஒன்றுக்குப் போனேன். சொல்லப்போவது புகார் என்பதால் கடையின் பெயர் வேண்டாம்.

கூரையிலிருந்து பன்றித்தொடைகள் தொங்குகின்றன. சுவரை மறைத்துத் தக்காளி டப்பாக்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் பெயர் தெரியாத பத்து வகைப் பாலாடைக்கட்டி. அரை மணி நேரம் நின்றபின் என் முறை வந்தது. "இங்கே எது நன்றாக இருக்கும்?" என்று கேட்டேன். "எல்லாமே நன்றாக இருக்கும். என்ன வேண்டும்?" என்றார் கவுன்ட்டர்காரர். நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். கடைசியில் வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லி வாங்கினேன். விலை 17 டாலர். ரொட்டி அருமை, மறுக்கவில்லை. உள்ளே ஐந்து விரல் உயரத்துக்கு உப்புக் கரிக்கும் இறைச்சி.

எனக்கு முன்னால் நின்ற மூதாட்டிக்கு மட்டும் புரொஷுட்டோ என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையில் ஒரு சீவலை ருசி பார்க்கக் கொடுத்து, பேரனைப் பற்றியும் விசாரித்தார் அதே மனிதர். இது நிற வேறுபாடா, அல்லது இந்தக் கடைகளின் குணமே இப்படித்தானா? உங்களுக்கு எப்படி நடந்தது?

பழைய ஹோபோக்கன்:
தம்பி, சனிக்கிழமை நண்பகலில் போனீர்களா? அந்த நேரத்தில் அங்கே சொந்தத் தம்பி வந்து நின்றாலும் "என்ன வேண்டும்?" என்றுதான் கேட்பார்கள்.

நான் நியூ ஜெர்சியின் ஹோபோக்கனில் நரைத்தவன். ஆடம்ஸ் தெருவில் பியோரேஸ் என்ற கடை 1913 முதல் இருக்கிறது. வியாழனிலும் சனியிலும் மட்டும் வறுத்த மாட்டிறைச்சியைச் சாறோடு ரொட்டியில் வைத்து, மேலே அன்று பிசைந்த மோசரெல்லா பாலாடைக்கட்டியை அடுக்கித் தருவார்கள். அந்த நாட்களில் வரிசை வாசலைத் தாண்டிப் போகும். வரிசையில் நிற்கும்போதே எல்லோரும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்வார்கள். எந்த அளவு, மிளகாய் வேண்டுமா வேண்டாமா, கட்டுவதா இங்கேயே தின்பதா என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். சொல்லி முடித்தால் ஒரு தலையசைப்பு கிடைக்கும். இந்த ஊரில் அதுதான் உபசாரம்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். மோசரெல்லா, தக்காளி, ஊறவைத்த சிவப்புக் குடைமிளகாய் மூன்றையும் வைத்துக் கேளுங்கள். கடைக்காரரின் கைத்திறனை அளக்க எனக்கு அந்த ஒரு சாண்ட்விச் போதும்.

தயிர்சாதம்:
பெரியவருக்கு வணக்கம். ஆனாலும் 17 டாலர் கொடுத்துவிட்டுத் தலையசைப்பை வாங்கிவர எனக்குப் பொறுமை இல்லை. கூட்டம் என்பது காரணம்தான், சமாதானம் ஆகாது. கூட்டமான எத்தனையோ கடைகளில் சிரித்த முகத்தோடு எடுத்துக் கொடுக்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் இருக்கிறது. பணம் கட்டும் திரையில் 18, 20, 25 விழுக்காடு என்று அன்பளிப்பு (டிப்ஸ்) கேட்கிறார்கள். நின்றுகொண்டே வாங்கி, நானே சுமந்து போகும் பொட்டலத்துக்கு எதற்கு அன்பளிப்பு?

வெட்டுக்கத்தி:
கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவன் பேசுகிறேன். நான் வடக்கு ஜெர்சியில் வளர்ந்தவன். கல்லூரி விடுமுறைகளில் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் டெலியில் வேலை பார்த்தேன். பதினெட்டு வயது ஆகாதவர்கள் சீவும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதனால் சின்னப் பையன்களுக்கு ஆலிவ் டப்பா அடுக்கும் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு இயந்திரம்.

நண்பகல் இரண்டு மணி நேரம் சாண்ட்விச் கூட்டம். அப்போது கவுன்ட்டரில் நிற்பவருக்கு வாடிக்கையாளரின் முகமே தெரியாது. எண் சீட்டும் வாயிலிருந்து வரும் சொற்களும் மட்டும்தான். "எது நன்றாக இருக்கும்?" என்ற கேள்வி அந்த நேரத்தில் அவரைத் திணறடிக்கும். உப்பு பிடிக்குமா, காரம் பிடிக்குமா, பன்றி சாப்பிடுவீர்களா என்று எதுவுமே தெரியாமல் என்ன பதில் சொல்வார்? "எனக்கு உப்பு குறைவாக வேண்டும், காரம் வேண்டும், இறைச்சி கொஞ்சம் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். அவரே பாதியை முடிவுசெய்து கொடுத்துவிடுவார்.

சாண்ட்விச் என்பது டெலியின் ஒரு பாதிதான். மறுபாதி எடைக்கு வாங்குவது. ருசி பார்க்கக் கொடுப்பது அங்கேதான் நடக்கும். அந்த மூதாட்டி அரைப் பவுண்டு புரொஷுட்டோ வாங்க வந்திருப்பார். எடைக்கு வாங்குபவருக்கு முதல் சீவலைக் கையில் கொடுப்பது வழக்கம். தடிமன் சரியா என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மீதியைச் சீவுவோம்.

எடைக்கு வாங்குவோர் கவனிக்க: ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். இரண்டு பேருக்குக் கால் பவுண்டு தாராளம். புரொஷுட்டோவை அடியில் வைத்த தாள் தெரியும் அளவுக்கு மெல்லியதாகக் கேளுங்கள். தடித்தால் தோல் மெல்வதுபோல் இருக்கும், உப்பும் தூக்கும். மோர்ட்டடெல்லா என்ற மென்மையான பன்றித் தொத்திறைச்சியும் மெலிதாகத்தான். சலாமி என்ற உலர்ந்த தொத்திறைச்சியைக் கொஞ்சம் தடிமனாக வாங்கலாம். சீவல்களுக்கு நடுவே தாள் வைக்கச் சொல்லுங்கள். வைக்காவிட்டால் வீட்டுக்குப் போவதற்குள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிவிடும். வெட்டி வைத்த தட்டிலிருந்து எடுக்கிறார்களென்றால் "புதிதாகச் சீவித் தாருங்கள்" என்று சொல்வதில் தவறே இல்லை. எங்கள் முதலாளி அப்படிக் கேட்பவர்களைத்தான் மதிப்பார்.

நிறம் பற்றிக் கேட்டீர்கள். இல்லவே இல்லை என்று நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். என்னையே "நீ எந்த ஊர்?" என்று நான்கு விதமாகக் கேட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. கவுன்ட்டருக்கு உள்ளேயும் அப்படிப்பட்டவர்கள் இருக்கலாம். கூட்டமில்லாத நேரத்தில் இன்னொரு முறை போய்ப் பாருங்கள். அப்போதும் அதே முகம் என்றால் உங்கள் சந்தேகத்துக்கு இடமிருக்கிறது.

கத்தரிப்பூ:
வெட்டுக்கத்தி அண்ணா, உங்களிடமே கேட்கிறேன். நாங்கள் சைவம். ஹாம் என்ற பன்றி இறைச்சியைச் சீவிய அதே இயந்திரத்தில்தான் எங்கள் புரொவலோன் பாலாடைக்கட்டியையும் சீவுகிறார்களா? ஒரு கடையில் கேட்டதற்கு "துடைத்துவிட்டோம்" என்றார்கள். எப்போது துடைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை.

வெட்டுக்கத்தி:
உண்மையைச் சொல்கிறேன் தங்கையே. உணவு விதிப்படி இயந்திரத்தைக் குறைந்தது நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பிரித்துக் கழுவ வேண்டும். இடையில் வெறும் துடைப்புதான். சில கடைகளில் பாலாடைக்கட்டிக்குத் தனி இயந்திரம் இருக்கும். அது இல்லாத கடைக்குக் காலையில் திறந்தவுடன் போங்கள். அதுவும் ஒத்துவராது என்றால் கட்டியாக வாங்கி வீட்டில் வெட்டிக்கொள்வது நல்லது. மோசரெல்லா உருண்டைக்கு இயந்திரமே தேவையில்லை.

சிற்றோடை:
இயந்திரத்தைவிடப் பெரிய சிக்கல் பாலாடைக்கட்டிக்குள்ளேயே இருக்கிறது. பாஸ்தாமேல் தூவும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் பால், உப்பு, ரென்னட் ஆகிய மூன்றைத் தவிர எதுவும் சேர்க்கக் கூடாது என்று விதி. அந்த ரென்னட், பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி. அந்தப் பெயரில் விற்க வேண்டுமென்றால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே அசல் பார்மிஜானோ எதுவும் சைவம் ஆகாது. அதைப் போன்ற கிரானா படானோவிலும் கன்றின் ரென்னட்தான். கூடவே பெரும்பாலும் முட்டையிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற நொதியும் சேரும். பெகோரினோ ரொமானோ செம்மறியாட்டுப் பாலில் செய்வது, அதற்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட்.

வேடிக்கை என்னவென்றால், அசல் இல்லை என்று இத்தாலியர்கள் முகம் சுளிக்கும் அமெரிக்க பார்மசானில் சில வகைகள் நுண்ணுயிர் ரென்னட்டில் செய்யப்படுகின்றன. சைவர்களுக்கு அதுதான் வழி. பொட்டலத்தில் உட்பொருள் பட்டியலைப் பாருங்கள். வெறும் "நொதிகள்" என்று மட்டும் போட்டிருந்தால் தயாரிப்பாளரிடம் கேட்காமல் எதுவும் சொல்ல முடியாது. கடையில் பிசையும் மோசரெல்லாவுக்கும் இதே நிலைதான். அதற்கான தயிர்க்கட்டி, அதாவது திரித்த பாலின் கட்டி, பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது, அதன் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

கத்தரிப்பூ:
இத்தனை நாள் பாஸ்தாமேல் தூவியதை நினைத்தால் என் மாமியாருக்கு இந்த இழையைக் காட்டக் கூடாது என்று தோன்றுகிறது. நன்றி.

பாலாடைக்கட்டி போட்டுச் சுடும் கத்தரிக்காய் பார்மிஜானாவை இனி வீட்டிலேயே செய்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லியாக வேண்டும். கேட்டால் எரிச்சல்படுவார்கள் என்று பயந்துகொண்டே எங்கள் பக்கத்துக் கடையில் ரென்னட் பற்றிக் கேட்டேன். கடைக்காரப் பெண்மணி உள்ளே போய்த் தயிர்க்கட்டி வந்த அட்டைப்பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். பெட்டியில் நுண்ணுயிர் ரென்னட் என்று இருந்தது. அன்றிலிருந்து நான் அந்தக் கடையின் ஆள்.

பழைய ஹோபோக்கன்:
அப்படிப்பட்ட கடையை விடாதீர்கள். மோசரெல்லா வாங்கினால் அன்றே சாப்பிடுங்கள். தயிர்க்கட்டியைச் சுடுநீரில் போட்டு, இழுத்து மடித்து உருட்டியது அது. குளிர்பெட்டிக்குள் போன மறுநிமிடமே இறுகத் தொடங்கும். வெட்டும்போது பால் கசிந்தால் புதிது.

பிராங்க்ஸ் பயணி:
ஹோபோக்கன் பெருமை போதும். ஒரு முறை நியூயார்க்கின் பிராங்க்ஸில் ஆர்தர் அவென்யூவுக்கு வாருங்கள். தெருவில் தள்ளுவண்டியில் விற்றவர்களை ஒரே கூரைக்கடியில் கொண்டுவர, நியூயார்க் மேயர் லா கார்டியா காலத்தில் 1940இல் திறந்த சந்தை இன்னும் நடக்கிறது. ஒரு பக்கம் காய்கறி, ஒரு பக்கம் இறைச்சி, நடுவே டெலி. வெளியே வந்தால் 1918இலிருந்து நடக்கும் மடோனியா ரொட்டிக்கடை. 187ஆம் தெருவில் 1935 முதல் ராவியோலி என்ற பூரணம் வைத்த பாஸ்தா செய்யும் போர்காட்டிஸ். அதே தெருவில் மோசரெல்லாவுக்கென்றே ஒரு கடை. எல்லாவற்றையும் ஒரே கடையில் தேடாமல் ரொட்டியை ஓரிடத்திலும் இறைச்சியை இன்னோரிடத்திலும் வாங்கித் தெருவோரத்தில் உட்கார்ந்து நாமே அடுக்கிச் சாப்பிடலாம். செலவும் குறையும், 17 டாலர் புலம்பலும் இருக்காது.

உபசரிப்பு என்று பார்த்தால் எனக்கு மன்ஹாட்டன் கிராண்ட் தெருவில் இருக்கும் டி பாலோஸ்தான் முதலிடம். 1910இல் பால்கடையாகத் தொடங்கிய குடும்பக் கடை. எண் சீட்டு வாங்கிக்கொண்டு நெடுநேரம் நிற்க வேண்டும், பொறுமை இல்லாதவர்கள் போகவே வேண்டாம். வரிசை நகராததற்குக் காரணம் ஒவ்வொருவரிடமும் அவர்கள் உட்கார்ந்து பேசாத குறையாகப் பேசுவதுதான். எந்த மாநிலத்துப் பாலாடைக்கட்டி, எத்தனை மாதம் முதிர்ந்தது, எதோடு சாப்பிட வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ருசி பார்க்கக் கொடுப்பார்கள். நம் முறை வந்ததும் பின்னால் நிற்பவர்களை நாமும் மறந்துவிடுவோம். தயிர்சாதம் அவர்களுக்கு இந்தக் கடை பிடிக்கும்.

தயிர்சாதம்:
பிடிக்கும்தான், ஆனால் நெடுநேரம் நிற்கச் சொல்கிறீர்களே! ஒன்று முகத்தைப் பார்க்காமல் விரட்டுகிறார்கள், இல்லையென்றால் மாலைவரை நிற்க வைக்கிறார்கள். நடுவில் ஒரு கடையே கிடையாதா?

மணப்பாடு:
நடுவில் உள்ள கடை நியூ ஆர்லியன்ஸில் இருக்கிறது, விமானத்தில் போக வேண்டும். டெக்கேட்டர் தெருவில் சென்ட்ரல் குரோசரி, 1906இல் சிசிலியிலிருந்து வந்தவர் தொடங்கியது. முஃபுலெட்டா என்ற வட்ட ரொட்டிச் சாண்ட்விச்சின் பிறப்பிடமாக அதைத்தான் சொல்வார்கள். ஊறவைத்த ஆலிவ் கலவையின் எண்ணெய் ரொட்டிக்குள் இறங்கியிருக்கும். முழு ரொட்டியை ஒருவர் தின்று தீர்க்க முடியாது, அரைதான் வாங்க வேண்டும். 2021இல் ஐடா புயலில் கட்டடம் சேதமாகிக் கடை நெடுங்காலம் மூடிக் கிடந்தது.

நான் எழுத வந்தது வேறு. நான் தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். டிசம்பரில் இந்தக் கடைகளுக்குப் போனால் எனக்கு வீட்டு வாசனை வரும். பக்காலா என்ற உப்பிட்டு உலர்த்திய காட் மீனைப் பலகைபோல் அடுக்கி வைத்திருப்பார்கள். எங்கள் ஊர்க் கருவாட்டுக்கடையேதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு அமெரிக்க இத்தாலியக் குடும்பங்களில் ஏழு வகை மீன் சமைக்கும் வழக்கம் உண்டு, அதில் பக்காலாவும் ஒன்று. கூடை நிறைய எடுத்துக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் எத்தனை நாள் ஊறவைப்பது என்று கேட்டேன். இரண்டு மூன்று நாள், தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் ஒரு துணுக்கை வாயில் போட்டு உப்பைப் பார்க்க வேண்டும் என்றார். கடைக்காரரும் சேர்ந்துகொண்டார். நடுப்பகுதித் துண்டைத் தேர்ந்து கொடுத்து, வால் பக்கத்தைக் குழம்புக்கு வைத்துக்கொள் என்றார். நான் புளி ஊற்றி வைத்ததைச் சொன்னால் இருவரும் மயங்கி விழுந்திருப்பார்கள்.

அந்த வாரத்தில் சாண்ட்விச் கேட்டுப் போகாதீர்கள். முன்பதிவுப் பெட்டிகளை எடுத்துக் கொடுப்பதற்கே அவர்களுக்குக் கை போதாது.

அல்லி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஐந்தாவது மாதம். டெலி இறைச்சியைத் தொடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். கணவரோ "நல்ல கடைதானே, ஒரு வாய் சாப்பிடு" என்கிறார். யார் சொல்வது சரி?

சிற்றோடை:
மருத்துவர் சொல்வதுதான் சரி. இது கடை நல்லதா கெட்டதா என்ற கேள்வி அல்ல. லிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் குளிர்பெட்டிக்குள்ளும் வளரக்கூடியது, சீவும் இயந்திரத்தின் இடுக்குகளிலும் தங்கும். 2024இல் அமெரிக்காவில் ஒரு பெரிய நிறுவனத்தின் டெலி இறைச்சியால் பரவிய தொற்றில் பத்துப் பேர் இறந்தார்கள். கர்ப்பிணிகளுக்கு இந்தத் தொற்று வந்தால் கருவுக்கே ஆபத்து. 74 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது ஆவி பறக்கச் சூடாக்கினால் சாப்பிடலாம் என்பது அரசு சுகாதார நிறுவனங்களின் அறிவுரை. புரொஷுட்டோவை அப்படிச் சூடாக்குவதற்குப் பதில் பிள்ளை பிறக்கும்வரை காத்திருக்கலாம். வெந்த பண்டம் வேண்டுமென்றால் கத்தரிக்காய் பார்மிஜானாவையோ கோழிக் கட்லட்டையோ நன்றாகச் சுடவைத்து வாங்குங்கள். கணவரிடம் இந்தப் பதிவைக் காட்டுங்கள்.

மற்றவர்களுக்கும் ஒன்று: சீவி வாங்கிய இறைச்சியை மூன்று முதல் ஐந்து நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

பழைய ஹோபோக்கன்:
அல்லி, வாழ்த்துகள் அம்மா. பிள்ளை பிறந்ததும் உன் கணவரை வரிசையில் நிற்க வை.

நீர்க்கோழி:
இழையைத் தொடங்கிவிட்டு ஓடிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். வெட்டுக்கத்தி சொன்னபடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை அதே கடைக்குப் போனேன். கடையில் இருவர்தான் இருந்தார்கள். அதே மனிதர். கால் பவுண்டு மோர்ட்டடெல்லா, மெலிதாக, நடுவே தாள் வைத்து என்று கேட்டேன். முதல் சீவல் என் கைக்கு வந்தது. இத்தாலியிலிருந்து வருவதா என்று கேட்டதும், ஆம், 2000ஆம் ஆண்டுவரை அதை இறக்குமதி செய்யவே விடவில்லை, பன்றிகளைத் தாக்கும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றிய பயம், அதற்கு முன்பு இங்கே செய்ததைத்தான் விற்றோம் என்று சொல்லிக்கொண்டே பொட்டலம் கட்டினார். பிஸ்தா பதித்தது. நாக்கில் வைத்தால் கரைகிறது. உப்பும் அளவோடு. சனிக்கிழமை சாண்ட்விச்சுக்கும் இதற்கும் ஒரே கடைதான் காரணம் என்றால் நம்ப முடியவில்லை.

ஆனால் தயிர்சாதம் சொன்னதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல்முறை வருபவனுக்கு இந்த வழக்கமெல்லாம் எப்படித் தெரியும்? கவுன்ட்டருக்கு மேல் ஒரு பலகையில் நான்கு வரி எழுதி வைத்தால் என்ன? அந்தச் சனிக்கிழமை என் பின்னால் நின்ற பையனும் என்னைப் போலவே விழித்தான், அவன் வெள்ளைக்காரன். அதனால் நிறம் என்ற சந்தேகம் எனக்கு முக்கால்வாசி போய்விட்டது.

வெட்டுக்கத்தி:
பலகை வைத்தால் அதையும் யாரும் படிக்க மாட்டார்கள். ரொட்டி தீர்ந்துவிட்டது என்று எங்கள் வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தோம். அதன் கீழே நின்றுகொண்டு சாண்ட்விச் கேட்டார்கள்.

தயிர்சாதம் கேட்ட அன்பளிப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். எடைக்கு வாங்கும்போது கொடுக்க வேண்டியதில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. சாண்ட்விச்சுக்கு ஒரு டாலர் குவளையில் போட்டால் மகிழ்ச்சி. பத்துப் பேருக்குத் தட்டு சொல்லி வாங்கினால் கட்டாயம் கொடுங்கள், அதில் ஒருவருடைய காலைப்பொழுதே போய்விடும்.

தயிர்சாதம்:
சரி, ஒரு டாலர். 18 விழுக்காட்டை அழுத்த மாட்டேன். நீர்க்கோழி, அந்தக் கடையின் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள்?

நீர்க்கோழி:
எட்டு மணிக்கு. அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை விடுமுறை.